ஹிமாவும் ஏரிக்கரையும்: இறந்த நிலம் உயிர்பெற்ற வரலாறு

அரபு மொழியில் ‘வாதீ’ என்னும் சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ‘பள்ளத்தாக்கு’ என்றே பெயர்த்து வருகின்றனர். அது சொல்லின் பாதிப் பொருளை மட்டுமே தரும். இரு மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலம் வாதீ. அந்நிலத்தின் வழியே ஓடும் மழையாறும் வாதீயே. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, மழை பெய்த சில நாட்களில் மட்டும் நுரை பொங்கப் பாய்வது அதன் இயல்பு. திருக்குர்ஆனின் ‘அர்ரஃது’ அத்தியாயம் 17ஆம் வசனத்தில், வானிலிருந்து இறங்கிய நீரால் வாதீகள் தத்தம் அளவுக்கேற்ப ஓடுவதும், மேலே மிதக்கும் நுரை அழிந்துபோக மனிதர்க்குப் பயன்படுவது மண்ணில் தங்கிவிடுவதும் உவமையாகக் கூறப்படுகின்றன. இவ்வுவமையின் அழகை முழுமையாக உணர, அத்தகைய ஓர் ஆற்றைக் கண்டிருத்தல் வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார்க்கு அத்தகைய ஆறு புதிதன்று. செஞ்சிக் குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி, அதனோடு சேரும் தொண்டியாறு, தெற்கே மலட்டாறு, வடக்கே ஓங்கூர் ஆறு ஆகிய யாவும் ஐப்பசி, கார்த்திகையில் உயிர்பெற்றுத் தையில் மணலாகும் ஆறுகளே. ‘மலட்டாறு’ என்னும் பெயரே மக்கள் அந்த ஆற்றின் இயல்பை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. ஆயினும் இவ்வட்டாரம் என்றும் வறண்டு கிடந்ததன்று. அது காடாய் இருந்து, பின்னர்ப் பாலையாகி, நம் காலத்தில் ஒரு பகுதியேனும் மீண்டும் பசுமை கண்டது. அவ்வரலாற்றை, பாலைநில மக்கள் ஹிஜாஸில் வகுத்துக்கொண்ட நீதியோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலை பிறந்த கதை

தமிழிலக்கண மரபில் பாலை என்பது தனியொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துன்புறும்போது கொள்ளும் வடிவமே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது, பாலை பிறப்பதில்லை; உண்டாக்கப்படுகிறது. இன்றைய சூழலியல் அறிஞர்கள் ‘நிலம் பாலையாதல்’ என்று பேசுவதும் ஏறத்தாழ இக்கருத்தையே.

திண்டிவனத்தின் பழம்பெயர் ‘திந்திரிணீவனம்’ என்பர். புளியங்காடு என்பது அதன் பொருள். இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கல், சங்ககால ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில் ஆகும். அவன் பெயரால் பாடப்பெற்ற சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதற்கும் மிக முந்திய காலத்தின் சாட்சியாக, சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன.

இக்கடற்கரைச் சமவெளிக்கே உரிய காட்டினைத் தாவரவியலார் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என வகைப்படுத்துவர். மழை சில மாதங்களே பெய்தாலும் ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான, அடர்ந்த காடு அது. காயா, வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை முதலியன அதன் மரங்கள். தடித்த சிறு இலைகளும் ஆழ்ந்த வேர்களும் கோடையைத் தாங்க அவற்றுக்கு வாய்த்த கருவிகள். அக்காட்டின் மிச்சங்களை இன்று கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு போன்ற சில இடங்களிலேயே காணலாம்.

அக்காடு அழிந்ததற்கு ஒருவரை மட்டும் குற்றம் சாட்டுதல் முறையாகாது. செஞ்சிக் கோட்டையை முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டிருந்தார். எட்டாண்டுக் காலம் ஒரு பெரும்படையும் அதன் குதிரைகளும் யானைகளும் ஓரிடத்தில் தங்கினால், விறகுக்கும் தீவனத்துக்கும் சுற்றுப்புறம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகித்தறியலாம். சஆதத்துல்லாஹ் கான் பெயரால் செஞ்சிக் கோட்டையினுள் நிற்கும் அழகிய பள்ளிவாசலைப் பெருமையோடு சுட்டும் நாம், போர்கள் நிலத்தின்மேல் விட்டுச்சென்ற வடுவையும் சேர்த்தே எண்ண வேண்டும். பின்னர்ப் புதுச்சேரி நகரம் வளர்ந்தது. அதற்கு மரமும் விறகும் தேவைப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879இல் திறக்கப்பட்டது. அக்காலத்துத் தென்னக இரயில் எஞ்சின்கள் விறகை எரித்து ஓடியவை. அவ்விறகுத் தேவையே கடற்கரையெங்கும் சவுக்குத் தோப்புகளைப் பெருக்கியது. மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்காகப் புதுச்சேரி வழியே நிலக்கடலை ஏற்றுமதியாகத் தொடங்கியபின், தென்னார்க்காட்டின் செம்மண் மேடுகள் பெருமளவில் கடலைக்கொல்லைகளாயின. வேர்ப்பிடிப்பு இழந்த மண்ணை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் அறுத்துக் கடலுக்குக் கொண்டுசென்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வானூர் வட்டாரத்துச் செம்மண் மேடு, ஓடைகள் கிழித்த வெற்று நிலமாய்க் கிடந்தது.

அவ்வூர்களில் ஒரு கதை வழங்குகிறது. இரும்பையில் தவமிருந்த கடுவெளிச் சித்தர் அவமதிக்கப்பட்டதால் இந்நிலம் புல்பூண்டின்றிப் போகுமாறு சபித்தார் என்றும், பின்னர் மனமிரங்கி, தொலைநாட்டார் வந்து இதனைப் பசுமையாக்குவர் என்றார் என்றும் மக்கள் சொல்வர். கதையின் உண்மையை ஆராய்தல் நம் வேலையன்று. நிலம் தானாக வறண்டதில்லை, மனிதர் செய்த பிழையால் வறண்டது என்னும் நினைவு அதில் தங்கியிருப்பதே நாம் கருதத்தக்கது.

பாலைநில மக்களின் நீதி

நீரும் புல்லும் அரிதான நாட்டில் வாழ்ந்த அரபு மக்களிடையே தோன்றிய நபி (ஸல்) அவர்கள், நிலத்தையும் நீரையும் மரத்தையும் பற்றி அளித்த தீர்ப்புகள் ஃபிக்ஹு நூல்களில் தனித்தனிப் பாடங்களாக விரிகின்றன. அவற்றுள் நான்கினை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, ஓடும் நீரின் பங்கீடு. மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் என்னும் இரு வாதீகளின் வெள்ளநீர் பற்றிய தீர்ப்பு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. மேல்நிலத்தார் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக்கொண்டபின் கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நம்மூர் ஏரிச் சங்கிலியை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. மேலேரி நிரம்பியதும் கலங்கல் வழியே நீர் கீழேரிக்குச் செல்ல வேண்டும். கலங்கலை உயர்த்தி அடைப்பவன் கீழூர்க்காரனின் உரிமையைப் பறித்தவனாவான். இரு நாடுகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. அரிதான நீர் இரண்டிடத்தும் ஒரே நீதியைக் கற்பித்தது.

இரண்டாவது, ‘இஹ்யாவுல் மவாத்’. இறந்த நிலத்துக்கு உயிரூட்டுதல் என்பது இதன் நேர்பொருள். உரிமையாளர் இல்லாத தரிசை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது நபிமொழி. இதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. வேண்டியதில்லை என்பது அவர்தம் மாணவர் இருவரும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் கொண்ட கருத்து. எவ்வாறாயினும், நிலத்தை வளைத்துப் போட்டுப் பயிரிடாமல் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை நிலைப்பதில்லை. மதீனாவின் அல்அகீக் வாதீயை நபி (ஸல்) அவர்கள் பிலால் இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு வழங்கியிருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் அவரை அழைத்து, இயன்ற அளவு வைத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருமாறு கூறி, அதனை மக்களுக்குப் பங்கிட்டார்கள்.

மூன்றாவது, ‘ஹரம்’, ‘ஹரீம்’ என்னும் காப்பெல்லைகள். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது. கிணற்றுக்கும் ஓடைக்கும் சுற்றிலும் இவ்வளவு தூரம் எவரும் ஆக்கிரமிக்கலாகாது என்ற ஹரீம் விதியும் வகுக்கப்பட்டது.

நான்காவது, ‘ஹிமா’. காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் என்று இதனைக் கூறலாம். அறியாமைக் காலத்தில் வலிமைமிக்க தலைவன் ஒரு மேட்டில் நாயைக் குரைக்கவிட்டு, அவ்வொலி எட்டிய தூரத்தையெல்லாம் தன் ஹிமா என அறிவித்துவிடுவான். பிறர் கால்நடை அங்கே மேயலாகாது. அவன் கால்நடையோ எங்கும் மேயலாம். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே அன்றி ஹிமா இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அவ்வழக்கத்தை ஒழித்து, அந்நகீஃ என்னும் நிலத்தைப் பொதுப்படையின் குதிரைகளுக்காகக் காத்தார்கள். ஹிமா தனியார் ஆணவத்திலிருந்து பொதுநலனுக்கு மாறியது.

அதன் உச்சத்தை உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் காண்கிறோம். ஹிமாவின் காவலராக அமர்த்தப்பட்ட ஹுனைய் என்பவருக்கு அவர்கள் வழங்கிய அறிவுரை புகாரியில் உள்ளது. அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனையை அஞ்சுமாறும், சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தடுக்குமாறும் கூறினார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவர் தம் குழந்தைகளோடு வந்து கலீஃபாவின் வாசலில் நிற்பார் என்பது அவர்கள் காட்டிய காரணம். நிலத்தைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்களாக இங்கே விளங்குகின்றன.

செம்மண் மேட்டில் ஒரு முயற்சி

1968 பிப்ரவரி 28ஆம் நாள் வானூர் வட்டாரத்துச் செம்மண் மேட்டில் ஆரோவில் நகர் தொடங்கப்பட்டது. அதன் ஆன்மிகக் கோட்பாடு நம்முடையதன்று. ஆனால் அம்மண்ணில் நிகழ்ந்த வேலை நாம் ஊன்றிப் பயிலத்தக்கது. வந்தவர்கள் முதலில் கண்டது நிழலற்ற வெளியும் ஆழ்ந்த ஓடைகளும்தான். மரம் நடுவதற்குமுன் மழைநீரை நிறுத்த வேண்டும் என்பதை விரைவில் உணர்ந்தனர். சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் இட்டனர். ஓடைகளில் தடுப்பணைகள் கட்டினர். ஆடுமாடு புகாமல் வேலியிட்டனர். மாட்டுவண்டியில் நீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினர். குயிலாப்பாளையம், கோட்டக்கரை முதலிய சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும் அவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்தனர். தொலைநாட்டார் பெயர் எழுதப்படும் இடங்களில் இவ்வூர்த் தொழிலாளரின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. வரலாறு எழுதுவோர் இக்குறையை நீக்குதல் வேண்டும்.

தொடக்கத்தில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேலமரம் நடப்பட்டது. அது நிழலும் சருகும் தந்து மண்ணைப் பண்படுத்தியது. அந்நிழலில், 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு போன்ற இடங்களில், மண்ணுக்குரிய மரங்களை மீட்கும் பணி வளர்ந்தது. எஞ்சியிருந்த கோயிற்காடுகளையும் காப்புக்காடுகளையும் ஆய்ந்து, விதை பொறுக்கி, நாற்றங்கால் அமைத்தனர். 2000இல் தாவரவியல் பூங்கா ஒன்றும், 2003இல் சுமார் 70 ஏக்கரில் சாதனா காடும் தொடங்கின. 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலில் அந்த வேலமரங்கள் பெருமளவு சாய்ந்தன. நாட்டு மரங்கள் பலவும் தாக்குப்பிடித்தன. எந்த மரத்தை எதற்காக நட வேண்டும் என்ற கேள்விக்குப் புயலே விடையளித்தது எனலாம்.

வளர்ந்த காடும் சச்சரவுக்குத் தப்பவில்லை. நகரத் திட்டத்தின்படி சாலை அமைக்க மரங்களை வெட்டுவது தொடர்பாக 2021இல் எழுந்த மோதல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. 2022இல் அத்தீர்ப்பாயம் இட்ட ஆணையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. காட்டை உண்டாக்கிய தலைமுறைக்கும் அதனை நிருவகிக்கும் அதிகாரத்துக்கும் இடையே உரிமை எவ்வாறு பகிரப்பட வேண்டும் என்பது, இஹ்யாவுல் மவாத் பாடத்தில் நம் இமாம்கள் விவாதித்த கேள்வியேயன்றோ?

கழுவெளியின் கேள்வி

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டி, கழுவெளி என்னும் பெரும் ஈரநிலம் பரந்துள்ளது. சுற்றிலுமுள்ள ஏராளமான ஏரிகளின் கடைநீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. ஒரு பக்கம் நன்னீர் புக, மறுபக்கம் கழிமுகம் வழியே உவர்நீர் ஏறிவரும். இதனால் ஒரே வெளியில் கோரையும் உவர்நிலச் செடிகளும் அலையாத்தியும் வளர்கின்றன. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்குகின்றன. ஏரிகள் தூர்ந்தாலும் கலங்கல்கள் அடைபட்டாலும் கழுவெளிக்கு நன்னீர் குறையும், உப்பு உள்ளேறும். ஆகவே கழுவெளியைக் காத்தல் என்பது மேலுள்ள ஒவ்வோர் ஊரின் ஏரியையும் காத்தலாகும்.

ஏரி பேணுதல் முன்னர் ஊராரின் கூட்டுக் கடமையாய் இருந்தது. அக்குடிமராமத்து வழக்கத்தைச் சென்னை மாகாண அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக மாற்றியபோது, கடமை கட்டளையாகி அதன் உயிர் குன்றியது. 1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகள் புதுப்பிக்கப்பட்டபோது, ஏரிப் பயனாளர் சங்கங்களே அப்பணியின் நடுவே வைக்கப்பட்டன. தமிழக அரசும் 2017இல் குடிமராமத்துப் பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மரக்காணத்தை அடுத்த நடுக்குப்பத்தில் பிச்சாண்டிக்குளம் குழுவினர் ஊராரோடும் பள்ளி மாணவரோடும் சேர்ந்து நாட்டு மரங்களையும் மூலிகைகளையும் வளர்த்து வருவதும் இவ்வழிப்பட்ட முயற்சியே.

2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில், 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இவை மகிழத்தக்கன. ஆனால் கழுவெளியில் இறாலும் மீனும் பிடித்து வாழும் எளிய குடும்பங்களும், கரையில் கால்நடை மேய்ப்போரும் உள்ளனர். அவர்களை வெளியே நிறுத்தி, மேல்நிலத்தில் ஏரியை வளைத்தவரையும் உவர்நீர்ப் பண்ணை வெட்டியவரையும் தொடாமல் விட்டால், அது அறியாமைக் காலத் தலைவனின் ஹிமாவாகிவிடும். ஏழையை உள்ளே விட்டு வலியவனைத் தடுக்கும் காவலே உமர் (ரலி) அவர்கள் வகுத்த ஹிமா. சரணாலயச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவோர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது.

இது பறவைகளைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. நீர் தன் பழைய தடத்தைத் தேடி வந்தது. அத்தடத்தில் வீடுகள் இருந்தன. ஹரீம் விதியை மீறிய சமுதாயம் அதற்கான விலையைத் தந்தது. அவ்விலையில் பெரும்பங்கு ஏழைகள் தலையில் விழுந்தது.

அரபு நாட்டின் பாடம்

ஹிமா பிறந்த நாடே அதனை மறந்ததுண்டு. சவூதி அரேபியாவில் 1953இல் பிறந்த அரசாணை, ஊர்களுக்கும் குலங்களுக்கும் உரிய ஹிமாக்களை யாவர்க்கும் திறந்துவிட்டது. நோக்கம் சமத்துவமாயினும், காவல் நீங்கிய மேய்ச்சல் நிலங்கள் விரைவில் சீரழிந்தன. ரியாதை ஒட்டி ஓடும் வாதீ ஹனீஃபா, 1970கள் முதல் மணல் தோண்டும் குழியாகவும் குப்பைமேடாகவும் கழிவுநீர்க் கால்வாயாகவும் ஆனது. 2001இல் தொடங்கிய மீட்புப்பணி குப்பையை அகற்றி, தடத்தைச் சீராக்கி, கல்லணைகளாலும் நுண்ணுயிர்களாலும் நீரைத் தூய்மைப்படுத்தி, கரைகளில் அம்மண்ணின் மரங்களை நட்டது. 2010இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிட்டியது. லெபனானில் 2004 முதல் ஊராட்சிகளின் துணையோடு ஹிமா என்னும் பெயராலேயே இயற்கைக் காப்பிடங்கள் மீண்டும் அமைந்து வருகின்றன.

மரங்களும் இரு நாடுகளையும் இணைக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகம் தன் தேசிய மரமாகப் போற்றும் ‘காஃப்’, நம் வன்னி மரமே. மிஸ்வாக் தரும் ‘அராக்’, சங்கப் புலவர்கள் பாலைநில மரமாகப் பாடிய உகாய். சோழமண்டலக் கரையின் உவர்நிலங்களில் இன்றும் அது வளர்கிறது. கடைகளில் உறையிலிட்டு விற்கும் மிஸ்வாக் குச்சியை வாங்கும் நம்மில் எத்தனை பேர் அது நம் மண்ணின் மரமும்தான் என அறிவோம்? வன்னியின் உறவினமான சீமைக்கருவேலமோ அமெரிக்க வறள்நிலங்களிலிருந்து விறகுக்காகக் கொணரப்பட்டு, ஏரிகளையும் ஓடைகளையும் அடைத்துக்கொண்டது. அதனை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. அயல் ஊடுருவு தாவரங்களுக்கான கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. வேருடன் அகற்றிய இடத்தில் உரிய மரத்தை நடாவிடில் அது மீண்டும் முளைக்கும்.

நம் பங்கு

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்னும் நபிமொழியை நம் மேடைகள் பலமுறை எடுத்துரைத்துள்ளன. மேடைக்கு அப்பால், நம் ஜமாஅத்துகளின் பொறுப்பில் நிலங்கள் உள்ளன. ஊர்தோறும் கப்ருஸ்தான்கள் உள்ளன. வக்ஃபு நிலங்கள் உள்ளன. அவற்றுட் பல சீமைக்கருவேலம் மண்டியோ, வேலியின்றி வளைக்கப்பட்டோ கிடக்கின்றன. அந்நிலங்களில் வீரை, நாவல், புங்கு, உகாய், வன்னி போன்றவற்றை நட்டுக் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலில் மழைநீரை நிறுத்தும் வரப்பு, அடுத்து மூன்று கோடைகள் கன்றுக்கு நீர், பின்னர்க் காவல். செம்மண் மேட்டு மக்கள் ஐம்பதாண்டு உழைப்பால் காட்டிய வழிமுறை இதுவே. ஏரி வழியில் அமைந்த வக்ஃபு நிலமாயின், அண்டையிலுள்ள இந்து, கிறிஸ்தவச் சகோதரரோடு சேர்ந்து ஏரிச் சங்கத்தில் இடம்பெறுதலும் நம் கடமை. நீருக்கு ஜமாஅத் எல்லை தெரியாது.

நம் அரபுக் கல்லூரிகளில் இஹ்யாவுல் மவாத் பாடம் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது. மாணவர் அதன் நிபந்தனைகளையும் கருத்து வேறுபாடுகளையும் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். அப்பாடம் நடக்கும் வாரத்தில் அவர்களை அருகிலுள்ள ஏரிக்கோ ஓடைக்கோ அழைத்துச் சென்று, கலங்கல் எது, ஹரீம் எது, மவாத் எது என்று கேட்கலாம். அடுத்த மழைக்குமுன் ஒரு கப்ருஸ்தானின் மூலையில் பத்துக் கன்றுகளை அவர்கள் கையாலேயே நடச் செய்யலாம். விழுப்புரம் மாவட்டத்து ஜமாஅத்துகள் இதனைத் தொடங்கினால், ஏனைய மாவட்டத்தார்க்கும் அது வழிகாட்டுமென நம்புகிறோம்.